பால்மா டின்னும் ஹட்டன் பனியும்

"பழுதுன்னுதான் நினைக்கிறேன் அண்ணே" என்று சொல்லி அந்தத் தம்பி என் மேசையில் வைத்தது கதிர்வீச்சை எண்ணுகிற ஒரு கைகர் கவுன்டர் கிட். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற பிள்ளை. பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக ஒன்லைனில் எடுத்துச் சொந்தமாகவே பூட்டியிருந்தான். அவனுடைய அத்தான் தனியார் கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவர். ஆளில்லாத நேரம் பார்த்து, எக்ஸ்ரே கட்டிலுக்கு ஒரு மீற்றர் தள்ளி இதை வைத்துவிட்டு, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று ஒரு ஷொட் அடித்திருக்கிறார். "கர்ர்னு ஒரு சத்தம். திரையில மணிக்கு 3 மைக்ரோ சீவர்ட். அவ்வளவுதான். எக்ஸ்ரேன்னா இவ்வளவு கம்மியா அண்ணே?"

என் கடையில் டீவி, ரேடியோ, இன்வெர்ட்டர் தவிர வேறெதுவும் வருவதில்லை. அதனால் ஆசையாகத்தான் திறந்தேன். உள்ளே ரஷ்யத் தயாரிப்பான எஸ்.பி.எம். 20 குழாய். அதற்கு 400 வோல்ட் வேண்டும். சாதாரண மீட்டரை நேராக வைத்தால் அந்த 400 இறங்கிவிடும். மீட்டருக்குத் தொடராக 1 கிகா ஓம் போட்டுப் பார்த்தேன். 3.96 காட்டியது, அதாவது 400. குழாயில் குறையில்லை.

குறை, அதைக் கேட்ட கேள்வியில் இருந்தது. கைகர் குழாய்க்குள் ஒரு கதிர் விழுந்தால் உள்ளே இருக்கிற வாயு கம்பி நீளத்துக்கும் பற்றிக்கொள்கிறது. பெரிய கதிர், சின்னக் கதிர் என்ற பேதம் அதற்குக் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே 'டிக்'. பற்றியது அணைந்து மறுபடி தயாராக இந்தக் குழாய்க்கு 190 மைக்ரோ விநாடி பிடிக்கிறது. அந்த நேரத்தில் என்ன வந்தாலும் அதற்குத் தெரியாது. கணக்குப் பார்த்தால் விநாடிக்கு 5263 டிக்குக்கு மேல் வரவே வராது. எக்ஸ்ரே ஷொட் ஒன்று பத்தில் ஒரு விநாடிதான். ஆக, உள்ளே அடைமழையே பெய்திருந்தாலும் அதிகபட்சம் 526 டிக். கிட்டின் மென்பொருள் அதை ஒரு நிமிடத்துக்குப் பரப்பி மணிக்கு 3 மைக்ரோ சீவர்ட் என்று போட்டிருக்கிறது. கதிர் இன்னும் கூடினால் சில குழாய்கள் அப்படியே ஊமையாகிப் பூச்சியம் காட்டுவதும் உண்டு. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

தம்பிக்கு நான் சொன்னது இப்படி: தேயிலைத் தோட்டத்து மஸ்டர் களத்தில் பேர் போடுகிற கணக்கப்பிள்ளைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று தெரியும், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்று தெரியாது. அதுவும் எல்லாரும் ஒரே மூச்சில் நெருக்கிக்கொண்டு ஓடிவந்தால் பேர்க் கணக்கும் தப்பும். நமக்கு வேண்டியது தராசு.

தராசு என்றால் அயனாக்க அறை, கதிர் பட்டுக் காற்றில் பிறக்கிற மின்னேற்றத்தைச் சேர்த்து அளக்கிற பெட்டி. எக்ஸ்ரே பட்ட காற்றில் மின்சாரம் ஓடும் என்று ஜே.ஜே. தொம்சன் 1896இலேயே, றொன்ட்ஜன் கண்டுபிடித்த மறு வருசமே, காட்டிவிட்டார். 1928இல் ஸ்டொக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாட்டில் எக்ஸ்ரேக்கு அளவு வகுத்தபோதும், காற்றில் எவ்வளவு மின்னேற்றம் பிறக்கிறது என்பதைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். கைகரும் முல்லரும் தங்கள் குழாயைச் செய்ததும் அதே 1928. காற்றில் ஒரு சோடி அயன் பிறக்கச் சராசரி 33.97 இலத்திரன்வோல்ட் செலவாகிறது. 40 ஆயிரம் இலத்திரன்வோல்ட் எக்ஸ்ரே ஒன்று முழுதாகக் காற்றுக்குள் அடங்கினால் கிட்டத்தட்ட 1180 சோடி. அதை ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை, எல்லாவற்றையும் ஒரு கொள்ளளவியில் சேர்த்து எடுத்தால் போதும். ஆகன், மீதேன் நிரப்பி இரண்டுக்கும் நடுத்தரமாக வேலை செய்கிற விகிதசமக் குழாயும் இருக்கிறது. அந்த வாயு சிலிண்டருக்கு ஹட்டனில் எங்கே போக? காற்று சும்மா கிடைக்கிறது. அது சும்மா கிடைத்ததால் பட்ட பாட்டைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

அறைக்கு எடுத்தது குழந்தைப் பால்மா டின் ஒன்று. விட்டம் 10 சென்ரிமீற்றர், உயரம் 12. உள்ளே சுமார் 940 கன சென்ரிமீற்றர் காற்று. மூடியின் நடுவில் துளை போட்டு, ஒரு செம்புக் கம்பியை உள்ளே நீட்டினேன். கம்பிக்கும் மூடிக்கும் நடுவில் டெஃப்லான். தண்ணீர்க் குழாய்ப் புரிக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பும் டெஃப்லான்தான், அதையே இறுக்கிச் சுற்றிச் செருகினேன். டின்னுக்கு 90 வோல்ட்: 9 வோல்ட் சதுர பெட்டரி பத்து, ஒன்றோடு ஒன்று தொடராக. இதிலிருந்து எடுக்கிற கரன்ட் ஒன்றுமே இல்லாத மாதிரி, பழைய பெட்டரியும் வருசக்கணக்கில் வரும். கை பட்டால் சுள்ளென்று பிடிக்காமல் இருக்க நடுவில் 10 மெகா ஓம் ஒன்று. இதெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள். வெளி டின் ஏர்த்தில். அது இல்லாவிட்டால் ரூம் லைட்டின் 50 ஹேர்ட்ஸ் உறுமல்தான் தெரியும்.

கம்பியில் சேருகிற மின்னேற்றத்தை வாங்க ஒரு ஒப்-அம்ப் (பெருக்கிச் சிப்), அதன் குறுக்கே 100 பிக்கோ பரட் பொலிப்புறப்பிலீன் கொள்ளளவி. ஷொட் முடிந்ததும் கொள்ளளவியைக் காலியாக்க அதன் குறுக்கே ஒரு ரீட் சுவிட்ச், வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் மூடும். கை நுழைக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வேலை முதல் தடவையிலேயே சரியாக வந்தது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

லாச்சியில் டி.எல். 072 கிடந்தது. அதைப் போட்டேன். காந்தத்தை எடுத்த கையோடு மீட்டர் ஏற ஆரம்பித்தது. ஏழெட்டு விநாடியில் சப்ளை வோல்ட்டில் போய் முட்டி நின்றது. எதிர்பார்த்ததுதான். அந்தச் சிப் தன் காலாலேயே 65 பிக்கோ அம்பியர் அளவில் உறிஞ்சும். நான் பிடிக்க நினைத்ததும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். எல்.எம்.சி. 662 என்ற சிப்புக்கு அது 2 பெம்டோ அம்பியர் மட்டும், முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கொழும்பில் இருக்கிற ஒரு கடைக்குச் சொல்லி, தபாலில் வந்து சேர பத்து நாள் போனது.

வந்ததை விடியற்காலையே பூட்டினேன். 2ஆம் காலை போர்டில் நுழைக்காமல் மேலே வளைத்து, கம்பியோடு அந்தரத்தில் ஈயம் வைத்தேன். போர்டைத் தொட்டால் போர்டு வழியாகவே கசியும். காந்தத்தை எடுத்தேன். ஆறு விநாடியில் முட்டியது. பழைய சிப்பை விட மோசம்!

கொழும்புக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், டுப்ளிகேட் சிப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று. அன்று பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் வந்தது. கடைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு தடவை காந்தத்தை எடுத்துப் பார்த்தால் முட்டுவதற்கு ஒரு நிமிடம் எடுத்தது. இரண்டு மணிக்கு மூன்று நிமிடம். நாலரைக்குப் பனி இறங்கி எதிர்க்கடை போர்டு மறைந்தபோது மறுபடி எட்டு விநாடி. சிப் நல்லது. கெட்டது பனி. அந்த மனிசனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், திட்டியதும் மனதுக்குள்தான்.

டெஃப்லான் உலகத்திலேயே நல்ல இன்சுலேட்டர்களில் ஒன்று. ஆனால் அதன் மேல் பனி ஈரமும் கைவிரல் எண்ணெயும் சேர்ந்து ஒரு படலம் கட்டிவிட்டால் கரன்ட் அந்தத் தோலின் மேலேயே நடந்து போய்விடும். 90 வோல்ட்டில் ஒரு டெரா ஓம் கசிந்தாலே 90 பிக்கோ அம்பியர். கதிரே இல்லாமல் விநாடிக்கு 0.9 வோல்ட் ஏறும். டெரா ஓம் என்றால் சாதாரண மீட்டருக்கு அது முழு இன்சுலேட்டர்தான். இங்கே அது ஓட்டைக் குழாய்.

துடைத்தால் போகும் என்று வீட்டிலிருந்த சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். இன்னும் மோசம். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று விளக்கெண்ணெய் சேர்ப்பதுண்டு. நான் பூசியது எண்ணெய்! அப்புறம் ஐசோபுறப்பைல் அல்ககோல் வாங்கிக் கழுவி, பிஸ்கட் டின்னுக்குள் 40 வாட் பல்ப் ஒன்றை எரியவிட்டு, தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாதிரி ஒரு ராத்திரி முழுக்க வாட்டினேன். காலையில் நன்றாக இருந்தது. மத்தியானம் வரை நன்றாக இருந்தது. பனி வந்ததும் போனது.

இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. நான் ஈரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், ஹட்டனில் அது நடக்கிற காரியமா? கசிவுக்கு வேண்டியது ஈரம் மட்டுமா, தள்ளுவதற்கு வோல்ட்டும் வேண்டும். கம்பி ஏர்த் மட்டத்தில் இருக்கிறது. அதைத் தாங்குகிற டெஃப்லான் 90 வோல்ட் டின்னில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? மூடித் துளையைப் பெரிதாக்கினேன். அதன் நடுவில் ஒரு பித்தளை வளையத்தை, டின்னோடு படாமல், வெளியேயுள்ள ஏர்த் டின்னிலிருந்து நீட்டிய தகட்டில் பற்றவைத்தேன். டெஃப்லானும் கம்பியும் இப்போது அந்த வளையத்துக்குள். கம்பிக்கும் வளையத்துக்கும் இடையில் வோல்ட் வித்தியாசமே கிட்டத்தட்ட இல்லை, எவ்வளவு ஈரமாக இருந்தாலும் தள்ள ஆளில்லை. 90 வோல்ட்டிலிருந்து கசிகிறது வளையத்தில் விழுந்து ஏர்த்துக்குப் போய்விடும். இதைக் காப்பு வளையம் என்பார்கள். நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, தொழில்முறை அறைகள் எல்லாவற்றிலும் இது உண்டு. எதற்காக உண்டு என்பதுதான் எனக்கு ஹட்டன் பனியில் விளங்கியது.

பனி இறங்கிய ஒரு சாயங்காலம், கதவு திறந்தபடியே, நிமிடத்துக்கு 6 மில்லிவோல்ட் ஏறியது. அதோடு விட்டேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டும் உள்ளே போட்டிருக்கிறேன். நீர் குடித்துவிட்டால் தாச்சியில் போட்டு வறுத்துத் திரும்பப் போடலாம்.

வேலை செய்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டியதில்லை. அப்பாவின் பெட்ரோமெக்ஸ் இன்னும் பரணில் இருந்தது. மாசியில் காமன் கூத்துக்கு வாடகைக்குப் போய் வந்த லைட். அதோடு பிரிக்காத பழைய மென்டல் ஒன்று உறையோடு கிடந்தது. அந்தக் காலத்து மென்டலில் தோரியம் இருக்கும், இப்போது வருவதில் பெரும்பாலும் இருப்பதில்லை. உறையோடு வைத்தால் அல்பாக் கதிர் வெளியே வராது. கையுறை போட்டு, உதிராமல் எடுத்து, ஒரு மெல்லிய வலைத்துணியில் வைத்து டின் வாய்க்குள் காட்டினேன். மீட்டர் கண்ணுக்குத் தெரிய ஏறியது, எடுத்தால் நின்றது. தம்பி பத்துத் தடவை வைத்து எடுத்துப் பார்த்தான். எரித்த மென்டல் தூளாகி மூச்சில் போகும், அதை மட்டும் தொடக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

தோரியத்துக்கும் நம் மலைக்கும் ஒரு சொந்தம் உண்டு. பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுமணலில் தோரியம் நிறைந்த தோரியனைட் கனிமத்தை 1904இல் கண்டுபிடித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவராகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அவர் இலங்கைக் கனிமவள அளவைக்குத் தலைவர். அந்தக் கல் லண்டனுக்குப் போய், அதிலிருந்து ஓட்டோ ஹான் 1905இல் றேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தார். தம்பியின் பாடப் புத்தகத்தில் ஹான் இருக்கிறார், பலாங்கொடை இல்லை.

கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் போனோம், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டுதான். மெஷினைத் தொட்டது அத்தான் மட்டும். நாங்கள் தடுப்புக்குப் பின்னால். அந்த இடத்துக்கு முறைப்படி அளவெடுப்பது அளவுதிருத்தம் செய்த கருவியால்தான். அனுமதிப்பத்திரம் கொடுப்பது இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை. பால்மா டின்னின் பேச்சு அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

நோயாளிக்குப் பதிலாகக் கட்டிலில் ஒரு பெரிய தண்ணீர்க் கேன். 80 கிலோவோல்ட், 10 மில்லி அம்பியர் விநாடி, பத்தில் ஒரு விநாடி. தண்ணீரில் பட்டுச் சிதறி வருகிற கதிரைப் பிடிக்க டின் ஒரு மீற்றர் தள்ளி. முதல் ஷொட்: 74 மில்லிவோல்ட். தம்பி கையைத் தட்டினான். எனக்குத் திருப்தியில்லை. டின் இரும்பு அல்லவா? 0.2 மில்லிமீற்றர்தான், ஆனாலும் 40 ஆயிரம் இலத்திரன்வோல்ட் எக்ஸ்ரேயில் கிட்டத்தட்டப் பாதியை அந்தத் தகடு தின்றுவிடும். 30 ஆயிரத்தில் முக்கால்வாசி போய்விடும். கதிரை அளக்கப் போய், வாசலிலேயே அதை நிறுத்திவைத்திருக்கிறேன். டின்னின் அடியை டின்வெட்டியால் வெட்டி எடுத்து, சமையலறை அலுமினியத் தாளை இழுத்து ஒட்டினோம். வெளி பிஸ்கட் டின்னிலும் அதே இடத்தில் ஜன்னல் வெட்டி அதே தாள். மறுபடி அதே ஷொட்: 128.

பிறகு பெட்டரியை மாற்றிப் பார்த்தேன். 45 வோல்ட்டில் 118, 90இல் 128, 135இல் 130. வோல்ட்டைக் கூட்டக் கூட்ட அளவு கூடினால், பிறந்த அயன்களில் கொஞ்சம் கம்பிக்கு வந்து சேருமுன் ஒன்றோடொன்று சேர்ந்து அழிகின்றன என்று அர்த்தம். காற்றில் இலத்திரன் ஒட்சிசனோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும் அயனாகிவிடும், அதனால் இது நடக்கிறது. 90க்கும் 135க்கும் அதிக வித்தியாசமில்லை, 90 போதும். இரண்டு மீற்றரில் 34 வந்தது. நாலில் ஒரு பங்கென்றால் 32, மிச்ச இரண்டு சுவரில் பட்டு வருவது.

128 மில்லிவோல்ட் என்பது 100 பிக்கோ பரட்டில் 12.8 பிக்கோ கூலோம். அதைக் காற்றின் நிறையால் வகுத்து 33.97ஆல் பெருக்கினால் டோஸ், அதாவது காற்று வாங்கிய கதிர்ச் சக்தி, கிறே என்ற அலகில். தம்பி போட்ட கணக்கில் 0.38 மைக்ரோ கிறே. புத்தகத்திலிருந்து காற்றின் அடர்த்தி 1.204 என்று எடுத்திருக்கிறான், கன மீற்றருக்குக் கிலோ. "அது எந்த ஊர்க் காற்று?" என்று கேட்டேன். முழித்தான். அது கடல் மட்டத்து 20 பாகைக் காற்று. ஹட்டன் 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நான் கொண்டுபோயிருந்த, காற்றழுத்தமும் வெப்பமும் அளக்கிற பி.எம்.பி. 280 சென்சர் அந்த அறையில் 873 ஹெக்டோபாஸ்கல், 19 பாகை காட்டியது. அந்தக் கணக்கில் அடர்த்தி 1.041 மட்டும். டின் அதே டின்தான், உள்ளே இருக்கிற காற்று குறைவு. காற்று குறைந்தால் அயனும் குறையும், கதிர் குறைந்ததாக டின் பொய் சொல்லும். 1.16ஆல் பெருக்கிச் சரிக்கட்டினால் 0.44. கொழும்புக் கணக்கை இங்கே வைத்து அளந்தால் நூற்றுக்குக் கிட்டத்தட்டப் பதினாலு பங்கு விட்டுப்போகும், நுவரெலியாவுக்குப் போனால் இன்னும் கூட. மூடி அடைத்த கைகர் குழாய்க்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. உள்ளே வைத்து அடைத்த வாயு எந்த மலைக்குப் போனாலும் அதேதான்.

"அப்ப கரண்டிக் கணக்குல பால்மா போடுற மாதிரிதானே அண்ணே, கரண்டியில காத்து எவ்வளவுன்னு பார்க்கணும்" என்றான். ஏறக்குறைய சரி.

பத்தில் ஒரு விநாடியில் 0.44 மைக்ரோ கிறே என்றால், மணிக்கணக்காக்கினால் 16 மில்லி கிறே. கிட் காட்டிய 3 மைக்ரோவை இதற்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான்.

கிளம்புகிற நேரத்தில் எனக்கு ஆசை கூடிவிட்டது. கேனை எடுத்துவிட்டு நேர்க் கதிரில் டின்னை வைக்கச் சொன்னேன், கொள்ளளவியை 10 நனோ பரட்டாக மாற்றி. கிளினிக்கின் பழைய பரிசோதனைத் தாளில் இருந்த வெளியீட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 1.4 வோல்ட் அளவில் வந்திருக்க வேண்டும். வந்தது 0.2. பெட்டரியைப் பாதியாக்கினேன், அளவும் பாதியானது. நேர்க் கதிரில் அயன்கள் அவ்வளவு நெருக்கம், சுவரிலிருந்து கம்பிக்கு 5 சென்ரிமீற்றர் நடந்து வருமுன் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிட்டன. ஆயிரம் வோல்ட் கொடுத்தால் சரிவரும், ஆனால் என் கடையில் அதைச் செய்ய மாட்டேன். இடைவெளியைக் குறைப்பதுதான் வழி.

அதனால் இப்போது இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சென்ரிமீற்றர் வளையம் வெட்டி, இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டி, ஒரு தாளைச் சுற்றிக் காப்பு வளையமும் விட்டு ஒரு சின்ன அறை செய்துகொண்டிருக்கிறேன். இருபது கன சென்ரிமீற்றர், 1 நனோ பரட்டில் 0.3 வோல்ட் வர வேண்டும். பசை காயவில்லை. நாலு நாளாக மழை, பல்ப் போட்ட பிஸ்கட் டின்னுக்குள் வாடிக்கொண்டிருக்கிறது.